கண்ணாடியை மனப்பாடம் செய்யாதீர்கள்!

குட்டீஸ்... இதைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை. சமையலறைக்குப் போய், இருப்பதிலேயே பளபளப்பான எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை எடுத்து வாருங்கள். கீறல் விழுந்த பழைய ஸ்பூன் வேண்டாம். 'எதற்குடா?' என்று அம்மா கேட்டால், 'பாடம் படிக்க' என்று சொல்லுங்கள். பொய் இல்லை, நிஜமாகவே பாடம்தான்!

கொண்டு வந்து விட்டீர்களா? பக்கத்திலேயே இருக்கட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, அறிவியல் புத்தகத்தை மடியில் வைத்துக் கொண்டு சத்தமாகப் படித்துக் கொண்டிருந்தான். "பொருள் ஈறிலாத் தொலைவில் இருந்தால், பிம்பம் முதன்மைக் குவியத்தில்... மெய், தலைகீழ், மிகச் சிறியது. பொருள் வளைவு மையத்துக்கு அப்பால் இருந்தால்..." என்று, குழி ஆடி அட்டவணையின் ஆறு வரிகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஒரு தப்பு இல்லை. பரீட்சையில் வந்தால் முழு மதிப்பெண் நிச்சயம்.

நான் அவன் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, "உட்பக்கத்தில் உன் முகம் எப்படித் தெரியுது?" என்றேன்.

"தலைகீழா தெரியுது அங்கிள்."

"ஏன்?"

"ஸ்பூன் அப்படித்தான் அங்கிள் காட்டும்!"

ஐந்து நிமிடத்துக்கு முன் அவன் ஒப்பித்தானே... அந்த அட்டவணையின் இரண்டாவது வரிதான் ஸ்பூனில் தெரிந்து கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பது குழி ஆடி. கையில் இருப்பது சாப்பிடுகிற ஸ்பூன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஆடிகள் பற்றிய பாடத்தை அட்டவணையில் இருந்து தொடங்கக் கூடாது. கையில் இருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. இது மதிப்பெண்ணோடு முடிந்து போகிற விஷயம் இல்லை. காலையும் மாலையும் நீங்கள் ஏறி இறங்கும் பள்ளி வேனில், டிரைவரின் இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது அல்லவா? அதற்கும் இந்தப் பாடத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. அங்கே கடைசியில் வருவோம். முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் சாதாரணக் கண்ணாடி... அதாவது, சமதள ஆடி.

'கண்ணாடி இடது பக்கத்தை வலது பக்கமாக மாற்றிக் காட்டும்' என்று எல்லோரும் சொல்வோம். சரி, அப்படியானால் ஒரு சந்தேகம். பக்கவாட்டில் மாற்றுகிற கண்ணாடி, மேல் கீழை ஏன் மாற்றவில்லை? உங்கள் தலை ஏன் கீழே போகவில்லை? எது மேல், எது பக்கம் என்று ஒரு கண்ணாடித் துண்டுக்குத் தெரியுமா என்ன?

கண்ணாடி உங்கள் வீட்டு வடக்குச் சுவரில் மாட்டியிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். எதிரே நின்று கிழக்குப் பக்கம் கையை நீட்டுங்கள். உள்ளே இருப்பவரும் கிழக்கேதான் நீட்டுகிறார். மேலே காட்டுங்கள், அவரும் மேலேதான் காட்டுகிறார். இப்போது நேராகக் கண்ணாடியை நோக்கி, வடக்கே விரலை நீட்டுங்கள். அவர் என்ன செய்கிறார்? உங்களை நோக்கி, தெற்கே நீட்டுகிறார்!

ஆக, கண்ணாடி மாற்றியது முன்னையும் பின்னையும் மட்டும்தான். இடது, வலதைத் தொடவே இல்லை. பிறகு ஏன் நமக்கு இடம் வலமாகத் தோன்றுகிறது? எதிரே ஓர் ஆள் நின்றால், அவர் நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்பதாகத்தான் நம் மனம் நினைக்கும். அப்படித் திரும்பி நிற்பவருக்கு நம் வலப்பக்கம் இருப்பது இடக்கை. அந்தக் கணக்கைக் கண்ணாடிக்குள் இருப்பவருக்கும் போட்டு விடுகிறோம்.

நம்பிக்கை வரவில்லையா? புதுச் சட்டை வரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். நீங்கள் படிக்கிற மாதிரி அதை முன்னால் பிடித்துக் கொண்டு, கண்ணாடி எதிரில் நில்லுங்கள். கண்ணாடியிலும் பெயர் சரியாகவே தெரியும்! பிறகு அதையே வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். இப்போது எழுத்து மாறித் தெரியும். ஏன்? கண்ணாடிக்குக் காட்டுவதற்காகத் தாளைத் திருப்பினீர்களே... அப்போதே எழுத்து மாறி விட்டது. திருப்பியது நீங்கள்; பழி கண்ணாடிக்கு!

ஆம்புலன்ஸ் வண்டியின் முன்பக்கம் எழுத்தை மாற்றி எழுதியிருப்பதும் இதனால்தான். நமக்குப் பின்னால் வரும் வண்டி நம்மை நோக்கித் திரும்பி இருக்கிறது. அதைக் கண்ணாடியில் பார்க்கும் டிரைவருக்கு எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, முன்கூட்டியே மாற்றி எழுதி விடுகிறார்கள். (தமிழில் 'ப' என்ற எழுத்துக்கு மட்டும் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. 'ட'வைக் காட்டிப் பாருங்கள், மாட்டிக் கொள்ளும்.)

சரி, பிம்பம் எப்படித்தான் உண்டாகிறது? கேரம் போர்டு ஆடியிருப்பீர்கள். ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக அடித்தால், எந்தச் சாய்வில் கட்டையில் மோதுகிறதோ, கிட்டத்தட்ட அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். ஒளியும் அப்படித்தான். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். கேரமில் 'கிட்டத்தட்ட' என்று சொல்ல வேண்டும். ஒளியில் அந்த வார்த்தை தேவையே இல்லை. உங்கள் மூக்கு நுனியில் இருந்து புறப்பட்ட ஒளி, கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் வருகிறது. ஆனால், அது நடுவில் திரும்பி வந்தது மூளைக்குத் தெரியாது. 'ஒளி நேர்க்கோட்டில்தான் வரும்' என்று அது நம்பிக் கொண்டிருக்கிறது. வந்த கோட்டை அப்படியே பின்னுக்கு நீட்டிப் பார்த்து, 'மூக்கு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது' என்று முடிவு கட்டி விடுகிறது. நீங்கள் கண்ணாடிக்கு முன் 1 மீட்டரில் நின்றால், பிம்பம் பின்னால் 1 மீட்டரில். சுவருக்குப் பின்னால் போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அதற்கு மாய பிம்பம் என்று பெயர்.

இதில் இருந்தே இன்னொரு வேடிக்கையும் கிடைக்கும். உங்கள் உயரம் 140 சென்டிமீட்டர் என்றால், முழு உருவத்தையும் பார்க்க 70 சென்டிமீட்டர் கண்ணாடி போதும்; சரியான உயரத்தில் மாட்டினால் சரி. கிட்டே போனாலும், தள்ளிப் போனாலும் அதே 70தான். பாதத்தில் இருந்து வரும் ஒளி, பாதத்துக்கும் கண்ணுக்கும் நடு உயரத்தில்தான் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அதற்குக் கீழே இருக்கும் கண்ணாடி உங்களுக்கு எதற்கு? துணிக்கடையில் ஆளுயரக் கண்ணாடி வைத்திருப்பது, குட்டையானவர், நெட்டையானவர் எல்லோரும் வருவார்கள் என்பதால்.

அடுத்த முறை சலூனுக்கு முடி வெட்டப் போகும்போது, எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள் இருந்தால் கவனியுங்கள். உங்கள் தலைகள் வரிசையாக உள்ளே உள்ளே போய்க் கொண்டே இருக்கும். தூரத்துத் தலைகள் மங்கலாக, கொஞ்சம் பச்சையாகத் தெரியும். ஒவ்வொரு முறை எதிரொளிக்கும்போதும் கொஞ்சம் ஒளி குறைகிறது. கண்ணாடிக்குள் போய்ப் போய் வருவதால் அதன் இளம்பச்சை நிறமும் சேர்ந்து கொள்கிறது. தலையை ஆட்டிப் பார்க்காதீர்கள். முடி வெட்டுகிறவர் திட்டுவார்!

இப்போது ஸ்பூனை எடுங்கள்.

சாம்பார் நிற்கும் பக்கம் குழி ஆடி. கவிழ்த்துப் பிடித்தால், முதுகுப் பக்கம் குவி ஆடி. 'குழி'யும் 'குவி'யும் குழம்புகிறவர்கள், சாம்பாரை நினைத்துக் கொண்டால் போதும்.

சாம்பார்ப் பக்கம் முகத்தைப் பாருங்கள். சின்னதாக, தலைகீழாக இருக்கும். இப்போது ஆள்காட்டி விரல் நுனியை மெதுவாக ஸ்பூனின் நடுப்பகுதிக்குக் கொண்டு போங்கள். தலைகீழாகத் தெரிந்த விரல் பெரிதாகும்... பெரிதாகும்... ஓர் இடத்தில் கலங்கிப் போய், ஸ்பூன் முழுவதும் வெறும் தோல் நிறமாகி விடும். இன்னும் நெருங்கினால், விரல் தொடப் போகும் நேரத்தில், நேராகவும் பெரிதாகவும் தெரியும். கலங்கிய அந்த இடம்தான் குவியம். ஆறு வரி அட்டவணை முழுவதையும் உங்கள் விரல் இப்போது அரை நிமிடத்தில் எழுதி விட்டது. இனி அதை மறக்க முடியுமா?

ஏன் இப்படி ஆகிறது? குழி ஆடியை, சின்னச் சின்ன சமதள ஆடிகளை உட்புறம் சாய்த்துச் சாய்த்து ஒட்டிய கிண்ணம் என்று நினைத்துக் கொள்ளுங்கள். தூரத்தில் இருந்து நேராக வரும் ஒளியை, ஒவ்வொரு துண்டும் நடுவை நோக்கித் திருப்பி விடும். எல்லாம் ஓர் இடத்தில் கூடும். மேலே இருந்து வந்த ஒளி கீழேயும், கீழே இருந்து வந்தது மேலேயும் கடந்து போவதால்தான் முகம் கவிழ்ந்து விடுகிறது.

'நினைத்துக் கொள்ளுங்கள்' என்றேன். நினைக்கவே வேண்டாம், நிஜமாகவே இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில், சமையல் கூடத்தின் மொட்டை மாடி மேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு ராட்சதக் கிண்ணம் கட்டினார்கள். உள்ளே முழுவதும் சின்னச் சின்ன சமதளக் கண்ணாடித் துண்டுகள்தான்! அவை சூரிய ஒளியை ஒன்றாகக் குவித்து, நீராவி உண்டாக்கி, அதில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் ஏற்பாடு. சூரியன் நகர நகர, குவியும் இடமும் நகரும். கிண்ணத்தை அசைக்க முடியாது. அதனால் சூடாகும் கொதிகலனை நகர்த்துகிற மாதிரி அமைத்தார்கள்.

இது தெரிந்து செய்தது. தெரியாமல் செய்ததும் உண்டு. 2013-ல், லண்டன் நகரில் கட்டிக் கொண்டிருந்த ஓர் உயரமான கட்டடத்தின் கண்ணாடிச் சுவர், அழகுக்காக உட்புறம் வளைந்து இருந்தது. வெயில் காலம் வந்தது. அந்தச் சுவர் குழி ஆடியாகி, ஒளியைத் தெருவில் கொண்டு போய்க் குவித்தது. அங்கே நிறுத்தியிருந்த காரின் சில பாகங்கள் உருகி வளைந்து விட்டன! நிருபர் ஒருவர் அந்த வெப்பத்தில் முட்டை பொரித்துக் காட்டினார். பிறகு சுவருக்கு வெளியே வெயில் தடுப்பு பொருத்தினார்கள். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் ஒரு ஸ்பூனை நினைத்துப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. (நீங்கள் யாரும் குழி ஆடியைச் சூரியனுக்கு நேரே காட்டி விளையாடக் கூடாது. கண் போனால் திரும்ப வராது.)

ஸ்பூனில் தெரிந்த தலைகீழ் முகம் இருக்கிறதே... அது ஸ்பூனுக்கு உள்ளே இல்லை, முன்னால் காற்றில் நிற்கிறது. ஒளி நிஜமாகவே அங்கே வந்து கூடுகிறது. அதனால் அது மெய் பிம்பம். மெய் பிம்பத்தைத் தாளில் பிடிக்கலாம். அப்பாவிடம் முகத்தைப் பெரிதாகக் காட்டும் ஷேவிங் கண்ணாடி இருந்தால், கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பகலில், அறைக்குள் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, அதை ஜன்னல் பக்கம் காட்டுங்கள். கண்ணாடிக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில், ஜன்னல் கம்பி, வெளியே இருக்கும் மரம், வானம் எல்லாம் வண்ணத்தில், தலைகீழாகத் தாளில் வந்து உட்காரும். முதல் முறை அதைப் பார்க்கிற குழந்தையின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த அட்டவணையாலும் அந்த முகத்தை வரவழைக்க முடியாது.

தாளில் ஜன்னலைப் பிடித்த மாதிரியே, வானத்தில் நட்சத்திரத்தைப் பிடிப்பதுதான் பெரிய தொலைநோக்கிகளின் வேலை. நியூட்டன் 1668-ல் சிறிய குழி ஆடியை வைத்து ஒரு தொலைநோக்கி செய்தார். நம் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் தொலைநோக்கியின் குழி ஆடிக்கு அகலம் 2.34 மீட்டர். அதைத் திட்டமிட்ட விஞ்ஞானி வைணு பாப்பு, 1982-ல் இறந்து போனார். 1986-ல் அது செயல்பாட்டுக்கு வந்தபோது பார்க்க அவர் இல்லை. இப்போது அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஆடியின் வளைவில் ஒரு மயிரிழை தப்பினால் என்ன ஆகும்? மயிரிழை கூட வேண்டாம், அதில் 50-ல் ஒரு பங்கு போதும். 1990-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியில், விளிம்புப் பகுதியை அவ்வளவு மட்டும் கூடுதலாகத் தேய்த்து விட்டார்கள். முதல் படங்கள் வந்தபோது நட்சத்திரங்கள் கலங்கித் தெரிந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், மூக்குக் கண்ணாடி மாட்டுகிற மாதிரி அதற்குத் திருத்தும் ஆடிகளைப் பொருத்தி விட்டு வந்தார்கள். அதற்குப் பின் அது அனுப்பிய படங்களைத்தான் இன்று உங்கள் புத்தகங்களில் பார்க்கிறீர்கள்.

இனி, ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடியுங்கள். குவி ஆடி.

இதில் வித்தை எதுவும் இல்லை. கிட்டே போங்கள், தள்ளிப் போங்கள்... முகம் நேராகவும் சின்னதாகவும்தான் இருக்கும். அட்டவணையிலும் இதற்கு இரண்டே வரிதான். அதனாலேயே வகுப்பில் குவி ஆடியைச் சீக்கிரம் முடித்து விட்டு நகர்ந்து விடுகிறோம். என் சண்டையே இங்கேதான்! தெருவில் அதிகமாகப் பார்ப்பதும், உயிரோடு சம்பந்தப்பட்டதும் இந்த ஆடிதான்.

ஸ்பூன் சின்னது, நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் சொம்பு ஒன்றை மேஜை மேல் வையுங்கள். அதன் வயிற்றுப் பகுதியில் முழு அறையும் தெரியும். டிவி, மின்விசிறி, ஜன்னல், கதவு, மூலையில் படுத்திருக்கும் பூனை எல்லாம் அதற்குள் அடங்கி விடும். அதே அளவு சமதள ஆடியில் உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். நிறைய இடத்தைக் காட்ட வேண்டுமானால், எல்லாவற்றையும் சின்னதாக்கித்தான் ஆக வேண்டும். இதுதான் குவி ஆடி நம்மோடு போட்டுக் கொண்ட ஒப்பந்தம். கார், வேன், பைக் எல்லாவற்றின் பக்கவாட்டிலும், மலைப்பாதைத் திருப்பங்களிலும் இதை வைப்பது அதற்காகத்தான்.

ஆனால், சின்னதாகத் தெரிந்தால் மூளை என்ன சொல்லும்? 'தூரத்தில் இருக்கிறது' என்று சொல்லும். பின்னால் வரும் லாரி பக்கத்தில் வந்து விட்ட பிறகும், கண்ணாடியில் சின்னதாகத் தெரிவதால், 'இன்னும் நேரம் இருக்கு' என்று நினைத்துத் திரும்பி விடுகிறவர்கள் உண்டு. சில கார்களின் பக்கக் கண்ணாடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். கண்ணாடியில் தெரிவதை விடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை என்ன என்றால், குவி ஆடியில் பிம்பம் இருப்பது கண்ணாடிக்குப் பின்னால் வெகு பக்கத்தில், குவியத் தொலைவுக்குள்தான். தூரம் என்பது முழுக்க முழுக்க மூளை போடும் தப்புக் கணக்கு.

பைக் வைத்திருக்கும் அண்ணன்கள் சிலர் இந்தக் கண்ணாடியைக் கழற்றி வீட்டில் வைத்து விடுகிறார்கள். கேட்டால் ஸ்டைலாம்! இன்னும் சிலர் தலைமுடியைச் சரி செய்து கொள்ள வசதியாக உள்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஓர் அண்ணனோ, மாமாவோ இருந்தால், சொம்பைக் காட்டிப் பாடம் எடுங்கள். தங்கை சொன்னால் கேட்பார்கள். போலீஸ்காரர் சொன்னால் அபராதம் கட்டிவிட்டு மறந்து விடுவார்கள்.

இப்போது உங்கள் வேனுக்கு வருவோம். ஒளிக்கு ஒருவழிப் பாதை கிடையாது. போன வழியிலேயே திரும்பியும் வரும். டிரைவரின் கண்ணில் இருந்து ஒளி கண்ணாடியில் பட்டு உங்களிடம் வர முடியும் என்றால், உங்களிடம் இருந்து புறப்படும் ஒளியும் அதே கண்ணாடியில் பட்டு அவர் கண்ணுக்குப் போக முடியும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேனுக்குப் பின்னாலோ, பக்கத்திலோ நின்று கொண்டு, அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் கண்ணைத் தேடுங்கள். தெரியவில்லையா? அப்படியானால் அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நிற்காதீர்கள். 'இவ்வளவு பெரிய வேன் எனக்குத் தெரிகிறதே, அவருக்கு என்னைத் தெரியாதா' என்று நினைப்பதுதான் ஆபத்து.

டிரைவரின் கண் தெரிந்து விட்டால் மட்டும் போதுமா? போதாது. அவர் கண்ணாடியைப் பார்த்துக் கொண்டிருக்கவும் வேண்டும். பேசிக் கொண்டோ, வேறு பக்கம் பார்த்துக் கொண்டோ இருந்தால், கண்ணாடி என்ன செய்யும்? அவர் உங்களைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் நகர வேண்டும்.

பள்ளிப் பேருந்துகளின் முன்னும் பின்னும் கேமரா, எச்சரிக்கும் சென்சார் எல்லாம் பொருத்த வேண்டும் என்று 2022-ல் தமிழக அரசு விதி கொண்டு வந்தது. நல்ல விஷயம். ஆடியால் பார்க்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று அரசே ஒப்புக் கொண்ட மாதிரிதான் இது. ஆனால், கேமரா இருக்கிறது என்பதற்காக, உருண்டு போன பந்தை எடுக்க வேனுக்கு அடியில் குனியலாமா?

'இதெல்லாம் சரி அங்கிள், பரீட்சையில் அட்டவணைதானே கேட்கிறாங்க?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அட்டவணையை எழுதுங்கள், மதிப்பெண் வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பூனை முதலில் பார்த்து விட்டு அட்டவணைக்குப் போனால், மனப்பாடம் செய்யவே தேவை இருக்காது. மறந்து போனாலும் பரீட்சை ஹாலில் விரலை நினைத்துக் கொண்டு எழுதி விடலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்பது பேர் வகுப்பில் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போக நேரம் இல்லை என்பது உண்மைதான். 'நாளைக்கு எல்லோரும் டிபன் பாக்ஸோடு ஒரு ஸ்பூன் கொண்டு வாங்க' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். செலவும் இல்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன், முடிந்தால் உங்கள் பள்ளியில் செய்து பாருங்கள். ஆசிரியரும் டிரைவர் அண்ணாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேன் பள்ளி மைதானத்தில் நிற்க வேண்டும். சாவி ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். வேனைச் சுற்றி, முன்னும் பின்னும் பக்கத்திலும், எல்லா உயரத்திலும் மாணவர்கள் நிற்கட்டும். ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளைப் பார்த்து, யார் யார் தெரிகிறார்கள் என்று பெயர் சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் நிற்கும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள்.

முன்பக்க பம்பரை ஒட்டி நிற்கும் யூகேஜி குழந்தையின் ரிப்பன் கூட உங்கள் கண்ணில் படாது. முதல் வட்டத்தை அங்கே போடுங்கள்.